இரத்தம் சிந்த அஞ்சிய சட்டம்: இஸ்லாமியக் குற்றவியலும் கும்பினியார் ஆட்சியும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

1773ஆம் ஆண்டு ஜூலை மாதம், வங்காளத்தின் ஆளுநராக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் கல்கத்தாவில் தம் ஆட்சிக் குழுவினருக்கு ஒரு மடல் எழுதினார். அப்போது வங்காளத்தின் குற்றவியல் நீதிமன்றங்களில் நடைமுறையில் இருந்தது இஸ்லாமியச் சட்டம். அதைப் பற்றி அவர் எழுப்பிய குறை என்ன தெரியுமா? அது கொடுமையானது என்பதன்று. மிகவும் இளகிய கோட்பாடுகளின்மீது எழுந்தது, இரத்தம் சிந்துவதை வெறுப்பது, ஆகவே கொள்ளையரை அடக்கப் போதாதது என்பதே அவருடைய குறை.

இன்று 'ஷரீஅத் சட்டம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் பலர் மனத்தில் தோன்றுவது வாளும் சவுக்குமே. நம் பிள்ளைகள் பள்ளியிலும் கல்லூரியிலும் இக்கேள்வியை எதிர்கொள்கிறார்கள். விடை தெரியாமல் வீட்டுக்கு வந்து நம்மிடம் கேட்கிறார்கள். ஆனால் இச்சட்டத்தை ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் தம் கையில் வைத்து நடத்திய ஆங்கிலேயர், அதனிடம் கண்ட பெருங்குறை அதன் இளக்கமே. இந்த முரண்பாடு எங்கிருந்து வந்தது? குற்றம், சான்று, தண்டனை ஆகியவை குறித்து நம் முன்னோர் வகுத்த அடிப்படை விதிகள் யாவை? அவற்றுக்கு வரலாற்றில் என்ன நேர்ந்தது? இவற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

மூவகைக் குற்றங்கள்

ஃபிக்ஹு அறிஞர்கள் தண்டனைகளை மூன்றாகப் பகுத்தனர். முதலாவது 'ஹுதூத்'. திருக்குர்ஆனாலும் நபிமொழியாலும் அளவு வரையறுக்கப்பட்ட தண்டனைகள் இவை. திருட்டு, வழிப்பறி, விபச்சாரம், விபச்சார அவதூறு, மது அருந்துதல் போன்ற மிகச் சில குற்றங்களே இவ்வகையில் அடங்கும். இவற்றின் எண்ணிக்கையிலும் சிலவற்றின் அளவிலும் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இரண்டாவது 'கிஸாஸ்'. கொலைக்கும் காயத்திற்கும் உரிய சமமான பழி இது. இங்கே பாதிக்கப்பட்டவருக்கோ கொல்லப்பட்டவரின் வாரிசுகளுக்கோ மூன்று வழிகள் உள்ளன: பழி கோரலாம், 'தியத்' எனப்படும் ஈட்டுத் தொகையைப் பெறலாம், முற்றிலும் மன்னித்துவிடலாம். பழியை அனுமதிக்கும் அதே வசனத்திலேயே (2:178) கொலையாளியை வாரிசின் சகோதரன் என்று குறிப்பிட்டு மன்னிப்பை நோக்கி அழைக்கிறான் இறைவன். பழி வாங்கும் உரிமை பெற்றவரும் வரம்பு மீறக் கூடாது என்று மற்றோர் இடத்தில் (17:33) எச்சரிக்கிறான். ஒரு கொலைக்குப் பல தலைமுறைகள் இரத்தம் சிந்திய அரபுக் குலங்களிடையே இந்த வரம்பு எத்தகைய மாற்றத்தை உண்டாக்கியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது 'தஅஸீர்'. அளவு வரையறுக்கப்படாமல் நீதிபதியின் தேர்வுக்கு விடப்பட்ட தண்டனை. கண்டிப்பு, அபராதம் பற்றிய விவாதங்கள், சிறை, நாடு கடத்தல், அடி என இதன் வகைகள் பல. நடைமுறையில் பெரும்பாலான குற்றங்கள் இதனுள்தான் வந்தன. குற்றத்தின் தன்மை, குற்றவாளியின் நிலை, அவர் திருந்தும் வாய்ப்பு ஆகிய மூன்றையும் எடைபோட்டே இதை விதிக்க வேண்டும் என்றனர் அறிஞர்கள்.

தண்டனைக்கு முன் நிற்கும் வாயில்கள்

எந்தத் தண்டனையும் நிறைவேறுவதற்கு முன் சில வாயில்களைக் கடந்தாக வேண்டும். இவற்றை அறியாமல் தண்டனையின் பெயரை மட்டும் பேசுவோர் சட்டத்தின் பாதியைக்கூட அறிந்தவர்கள் அல்லர்.

முதல் வாயில், முன்னறிவிப்பு. தூதரை அனுப்பாத வரையில் எவரையும் தண்டிப்பதில்லை என்கிறது திருக்குர்ஆன் (17:15). இதிலிருந்து, தடை விதிக்கப்படாத செயலுக்குத் தண்டனை இல்லை என்ற விதியை அறிஞர்கள் பெற்றனர்.

இரண்டாவது, தனிமனிதப் பொறுப்பு. ஒருவரின் பாவச் சுமையை மற்றொருவர் சுமப்பதில்லை (6:164). தந்தையின் குற்றத்திற்கு மகனையோ, ஒருவன் குற்றத்திற்கு அவன் ஊரையோ தண்டிக்க வழியில்லை. இந்த வசனத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்கு நாம் திரும்பி வருவோம்.

மூன்றாவது, அறிவும் விருப்பமும். உறங்குபவர், சிறுவர், புத்தி பேதலித்தவர் ஆகிய மூவரின் மீதிருந்தும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்பது நபிமொழியின் கருத்து. வற்புறுத்தலுக்கு ஆளானவரும் உயிர் காக்க வேறு வழியற்றவரும் இவ்வாறே கருதப்பட்டனர்.

நான்காவது, சான்று. வாதிப்பவரே சான்று கொண்டுவர வேண்டும். குற்றமற்றவர் என்பதே ஒவ்வொரு மனிதரின் இயல்பு நிலை. விபச்சாரக் குற்றச்சாட்டுக்கு நேரில் கண்ட நான்கு சாட்சிகள் வேண்டும். அவ்வாறு கொண்டுவர இயலாதவருக்கு எண்பது கசையடி. அதன்பின் அவர் சாட்சியம் ஏற்கப்படாது (24:4). பிறர் மானத்தைப் பற்றி வாய் திறப்பவர் எவ்வளவு அஞ்ச வேண்டும் என்பதை இவ்வசனம் காட்டுகிறது. அடித்தும் அச்சுறுத்தியும் பெற்ற ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. அப்பாஸியக் கலீஃபா ஹாரூன் அர்-ரஷீதுக்காக இமாம் அபூயூசுஃப் (ரஹ்) எழுதிய 'கிதாபுல் கராஜ்' என்னும் நூலில், ஐயத்தின் பேரில் பிடிபட்டவர்களை அடிப்பது கூடாது என்று கலீஃபாவுக்கே அறிவுறுத்துகிறார். கைதிகள் சங்கிலியுடன் தெருவில் இரந்து உண்ணும் நிலையைக் கண்டித்து, அவர்களுக்கு மாதந்தோறும் உணவுச் செலவும், கோடைக்கும் குளிர்காலத்துக்கும் ஏற்ற உடையும் பொதுநிதியிலிருந்து தர வேண்டும் என்கிறார். இமாமவர்கள் மறைந்தது கி.பி. 798இல்.

ஐந்தாவது வாயில்தான் எல்லாவற்றிலும் குறுகலானது: ஐயம். அரபியில் 'ஷுப்ஹா' என்பர். ஐயம் தோன்றினால் ஹத்துத் தண்டனை விலகிவிடும் என்பது ஃபிக்ஹின் புகழ்பெற்ற விதி. இக்கருத்தைத் தரும் அறிவிப்புகளின் தொடர்களைப் பற்றி ஹதீஸ் கலை வல்லுநர்கள் விவாதித்திருந்தாலும், விதி என்ற அளவில் நான்கு மத்ஹபுகளின் அறிஞர்களும் இதை ஏற்றுச் செயற்பட்டனர். நீதிபதி தண்டிப்பதில் தவறுவதைவிட மன்னிப்பதில் தவறுவது மேல் என்பதே இதன் உட்பொருள்.

திருட்டை எடுத்துக்கொள்வோம். கை வெட்டும் தண்டனை என்பது மட்டுமே பொதுவில் பேசப்படுகிறது. ஆனால் ஹனஃபி மத்ஹபின்படி, திருடப்பட்ட பொருள் பத்து திர்ஹம் மதிப்புக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அது பூட்டிய அல்லது காவலுள்ள இடத்தில் இருந்திருக்க வேண்டும். மறைவாக எடுக்கப்பட்டிருக்க வேண்டும். விரைவில் அழுகும் உணவுப் பொருளாக இருக்கக் கூடாது. எடுத்தவருக்கு அதில் பங்கோ உரிமையோ இருக்கலாம் என்ற சாயல்கூட இருக்கக் கூடாது. ஆகவே நெருங்கிய உறவினரிடமிருந்தும் பொதுநிதியிலிருந்தும் எடுத்தவருக்கு ஹத்து இல்லை. இவற்றுள் ஒன்று தவறினாலும் வழக்கு தஅஸீருக்கு இறங்கிவிடும்.

அதே காலத்து இங்கிலாந்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1699இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, அங்கே கடையிலிருந்து ஐந்து ஷில்லிங் மதிப்புள்ள பொருளை மறைவாக எடுத்தவருக்குத் தூக்கு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டில் மரண தண்டனைக்குரிய குற்றங்களின் எண்ணிக்கை 200ஐத் தாண்டியிருந்தது.

நபிகளாரும் கலீஃபாவும் காட்டிய வழி

விதிகள் ஏட்டில் பிறந்தவை அல்ல, முன்மாதிரிகளிலிருந்து பிறந்தவை. மாஇஸ் (ரலி) என்ற தோழர் தாம் விபச்சாரம் செய்துவிட்டதாக நபி (ஸல்) அவர்களிடம் வந்து தாமே சொன்னார். நபியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் மறுபுறம் வந்து மீண்டும் சொன்னார், மீண்டும் திருப்பிக்கொண்டார்கள். நான்கு முறை ஒப்புக்கொண்ட பின்னரும், இவருக்குப் புத்தி பேதலிப்பு உண்டா என்று விசாரித்தார்கள். முத்தம் மட்டும் இட்டிருக்கலாமோ என்று கேட்டு வெளியேறும் வழியைக் காட்டினார்கள். தண்டனையின்போது அவர் ஓட முயன்றதையும் மக்கள் பின்தொடர்ந்ததையும் கேள்வியுற்று, அவரை விட்டிருக்கக் கூடாதா என்று வருந்தினார்கள். அவரை வந்து ஒப்புக்கொள்ளத் தூண்டிய தோழரிடம், நீர் உம் ஆடையால் அவரை மறைத்திருந்தால் உமக்கு அதுவே நல்லதாக இருந்திருக்கும் என்ற பொருள்பட உரைத்தார்கள்.

ஆனால் இந்த இளக்கம் செல்வாக்குள்ளோருக்கான சலுகை அன்று. மக்கா வெற்றியின் காலத்தில் மக்ஸூம் என்னும் உயர்குலத்துப் பெண் ஒருவர் திருடியபோது, அவருக்காகப் பரிந்துபேச உஸாமா (ரலி) அவர்களை அனுப்பினார்கள் குலத்தினர். நபியவர்களின் முகம் மாறியது. உயர்ந்தோர் திருடினால் விட்டுவிட்டு எளியோர் திருடினால் தண்டித்ததால்தான் முன்சென்ற சமுதாயங்கள் அழிந்தன என்றும், தம் மகள் ஃபாத்திமாவே ஆனாலும் தீர்ப்பு மாறாது என்றும் அறிவித்தார்கள். ஐயத்தின் பலன் எல்லாருக்கும் உண்டு. பரிந்துரையின் பலன் எவருக்கும் இல்லை. இவ்விரண்டும் சேர்ந்ததே இஸ்லாமிய நீதி.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஹிஜ்ரி 18இல், ஹிஜாஸில் கடும் பஞ்சம் வந்தது. மண் சாம்பல் நிறமானதால் 'சாம்பல் ஆண்டு' என்று அதை அழைத்தனர். அப்போது திருட்டுக்கான ஹத்துத் தண்டனையை உமர் (ரலி) நிறைவேற்றவில்லை. பசியால் எடுப்பவனிடம் ஐயம் இருக்கிறது. அது திருட்டா, உயிர் காக்கும் முயற்சியா என்பது தெளிவில்லை.

இமாம் மாலிக் (ரஹ்) தம் 'முவத்தா'வில் பதிவுசெய்துள்ள மற்றொரு வழக்கு இதைவிட ஆழமானது. ஹாத்திப் (ரலி) குடும்பத்தின் அடிமைகள் சிலர் முஸைனா குலத்தவர் ஒருவரின் ஒட்டகத்தைத் திருடி அறுத்துவிட்டனர். முதலில் தண்டனைக்கு ஆணையிட்ட உமர் (ரலி), பிறகு உரிமையாளரை நோக்கி, நீர் இவர்களைப் பட்டினி போடுகிறீர் என்றே நான் எண்ணுகிறேன் என்றார்கள். ஒட்டகத்தின் விலை 400 திர்ஹம் என்று அதன் சொந்தக்காரர் சொல்ல, 800 திர்ஹம் கொடுக்கும்படி அடிமைகளின் எஜமானருக்குத் தீர்ப்பளித்தார்கள். பசித்தவன் கையை விட்டுவிட்டு, பசிக்க வைத்தவனின் பணப்பையைப் பிடித்தது அந்தத் தீர்ப்பு.

ஏட்டில் இருந்ததும் நாட்டில் நடந்ததும்

வரலாறு எழுதும்போது ஒரு பக்கத்தை மட்டும் காட்டுவது நேர்மையாகாது. முஸ்லிம் மன்னர்கள் எல்லாரும் இவ்விதிகளின்படி ஆண்டார்கள் என்று சொல்ல முடியாது. 'ஸியாஸத்', அதாவது அரசியல் தேவை என்ற பெயரில், காஜியின் மன்றத்தைக் கேளாமலேயே தண்டித்த சுல்தான்கள் பலர்.

இதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. 1340களில் மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா மதுரை சுல்தான் கியாஸுத்தீனிடம் வந்து தங்கினார். இப்னு பதூதா சாதாரணப் பயணி அல்லர். மாலிகி ஃபிக்ஹு கற்று டில்லியில் காஜியாகப் பணியாற்றியவர். போரில் பிடிபட்ட முஸ்லிமல்லாத கைதிகளையும், அவர்களின் பெண்களையும் பிள்ளைகளையும்கூட அந்தச் சுல்தான் கொல்வித்ததை அவர் தம் பயண நூலில் அருவருப்புடன் பதிவுசெய்திருக்கிறார். ஒரு கைதியின் சிறு மகன் வெட்டப்பட்டபோது தாம் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும், இக்கொடுமைக்காகவே இறைவன் அச்சுல்தானின் மரணத்தை விரைவுபடுத்தினான் என்றும் எழுதுகிறார். சுல்தானின் உறவினராகவும் விருந்தினராகவும் இருந்தும், ஒரு காஜியின் கண்ணால் அவர் அளந்த அளவு இது. சுல்தானின் வாளை ஷரீஅத் என்று அவர் கருதவில்லை; நாமும் கருத வேண்டியதில்லை. அந்த வாளுக்கு வக்காலத்து வாங்கும் கடமையும் நமக்கில்லை.

கும்பினியின் கையில்

1765இல் கிழக்கிந்தியக் கும்பினி வங்காளத்தின் வருவாய் உரிமையைப் பெற்றது. குற்றவியல் நீதி பெயரளவில் நவாபிடம் இருந்தது. 1772இல் ஹேஸ்டிங்ஸ் நீதித் துறையைத் திருத்தியமைத்தபோது, மாவட்டந்தோறும் அமைந்த குற்றவியல் மன்றங்களில் காஜியும் முஃப்தியும் மௌலவிகளும் அமர்ந்தனர். சட்டம் ஹனஃபி ஃபிக்ஹு. 'ஹிதாயா'வும் 'ஃபதாவா ஆலம்கீரி'யும் அதன் ஆதார நூல்கள்.

அதே 1772ஆம் ஆண்டுத் திட்டத்தில்தான் கொள்ளையருக்கான தனி விதி ஒன்று சேர்க்கப்பட்டது. கொள்ளையனை அவன் சொந்த ஊருக்குக் கொண்டுசென்று அங்கே தூக்கிலிட வேண்டும். அவ்வூர் மக்கள் அனைவரும் தத்தம் வசதிக்கேற்ப அபராதம் செலுத்த வேண்டும். கொள்ளையனின் குடும்பத்தினர் அரசின் அடிமைகளாக்கப்பட வேண்டும். ஒருவரின் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்ற வசனத்தை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். காஜிகள் பின்பற்றிய சட்டத்தில் இதற்கு இடமே இல்லை. கொலை நிகழாத கொள்ளைக்கு மரண தண்டனை வழங்கவும் அவர்களின் நூல்கள் இடந்தரவில்லை. இந்தத் தடையைத்தான் மறு ஆண்டு மடலில் 'இளக்கம்' என்று குறைகூறினார் ஹேஸ்டிங்ஸ்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1775 ஆகஸ்ட் 5 அன்று, கல்கத்தாவில் மகாராஜா நந்தகுமார் தூக்கிலிடப்பட்டார். ஹேஸ்டிங்ஸ் மீது ஊழல் குற்றம் சாட்டியவர் அவர். அவர்மீது சாட்டப்பட்ட குற்றம், ஒரு கடன் பத்திரத்தைப் பொய்யாக உருவாக்கியது. எலைஜா இம்பே தலைமையிலான உச்ச நீதிமன்றம் ஆங்கிலச் சட்டத்தைக் கொண்டு தண்டித்தது. காஜியின் மன்றத்தில் இது தஅஸீருக்குரிய குற்றம். அந்நாட்டு மக்கள் எவரும் பத்திர மோசடிக்குத் தூக்கு உண்டு என்று கேள்விப்பட்டதில்லை. முன்னறிவிப்பின்றித் தண்டனை இல்லை என்ற முதல் வாயில் இங்கே இடிக்கப்பட்டது.

காரன்வாலிஸ் செய்த மாற்றங்கள்

1790 டிசம்பரில் தலைமை ஆளுநர் காரன்வாலிஸ் பிரபு குற்றவியல் நீதியை நவாபிடமிருந்து முழுமையாக எடுத்துக்கொண்டார். சட்டத்தின் பெயர் இஸ்லாமியச் சட்டம் என்றே தொடர்ந்தது. உள்ளடக்கம் சிறிது சிறிதாக மாறியது.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்துப்படி, வாள் போன்ற கூரிய ஆயுதத்தால் கொன்றால்தான் கொல்லும் எண்ணம் ஐயமின்றி உறுதியாகும். தடியால் அடித்தோ நீரில் மூழ்கடித்தோ கொன்றால் ஐயத்திற்கு இடமுண்டு. ஆகவே பழிக்குப் பதில் தியத். அவர்தம் மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மத் (ரஹ்) இருவரும் இதில் ஆசிரியரிடமிருந்து வேறுபட்டனர். காரன்வாலிஸ் மாணவர்களின் கருத்தையே சட்டமாக்கி, ஆயுதத்தைவிட நோக்கத்தையே பார்க்க வேண்டும் என்றார். கொலையுண்டவரின் வாரிசுகளுக்கு இருந்த மன்னிக்கும் உரிமை நீக்கப்பட்டது. 1791இல் உறுப்பு வெட்டும் தண்டனை கைவிடப்பட்டு, இரண்டு உறுப்புகளுக்குப் பதில் 14 ஆண்டுகளும் ஓர் உறுப்புக்குப் பதில் 7 ஆண்டுகளும் கடுங்காவல் ஆயிற்று. சாட்சியின் மதத்தைக் காட்டி வழக்கைத் தள்ளும் நடைமுறையும் நின்றது. 1797இல் தியத்துத் தொகைக்குப் பதில் சிறை வந்தது.

இவற்றுள் எல்லாவற்றையும் தீமை என்று நாம் ஒதுக்க வேண்டியதில்லை. பணமும் ஆள்பலமும் உடையவர்கள் ஏழை வாரிசுகளை அச்சுறுத்தி மன்னிப்பைப் பெற்றது உண்டு. தன் பிள்ளையைக் கொன்ற தந்தைக்கும் அடிமையைக் கொன்ற எஜமானுக்கும் பழி இல்லை என்ற மரபுவழித் தீர்ப்பை 1799ஆம் ஆண்டு ஒழுங்குமுறை நீக்கியபோது எளியவரின் உயிருக்கு மதிப்புக் கூடியது. ஆனால் மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். குடும்பத்தை இழந்த விதவைக்கும் அநாதைக்கும் சென்றுகொண்டிருந்த ஈட்டுத் தொகை நின்றது. மன்னித்துப் பகையை முடிக்கும் வாயிலும் மூடப்பட்டது. குற்றம் என்பது அரசுக்கும் குற்றவாளிக்கும் இடையிலான கணக்காக மட்டும் சுருங்கி, பாதிக்கப்பட்டவர் வெறும் சாட்சியாக நின்றார். ஆயுள் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சைகுத்தும் 'கோத்னா' என்ற தண்டனையும் இக்காலத்தில்தான் ஒழுங்குமுறைகளில் ஏறியது; 1849இல்தான் அது ஒழிக்கப்பட்டது. முகத்தைச் சிதைப்பதைத் தடுத்த மார்க்கத்தின் பெயரால் இயங்கிய மன்றங்களில் இது நடந்தது.

சென்னை மாகாணத்தில்

இவை வங்காளத்தோடு நின்றுவிடவில்லை. 1801இல் ஆற்காடு நவாபின் ஆட்சிப் பகுதியைக் கும்பினி எடுத்துக்கொண்டது. 1802இல் வங்காள ஒழுங்குமுறைகளின் வார்ப்பில் சென்னை மாகாணத்திற்கும் விதிகள் வந்தன. சென்னை நகரத்தில் ஆங்கிலச் சட்டம். நகருக்கு வெளியே தமிழ் மாவட்டங்களில், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற வேறுபாடின்றி, கும்பினி திருத்திய இஸ்லாமியக் குற்றவியல் சட்டம். திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்று நீதிமன்றம் தென் மாவட்டங்களுக்குச் சென்று வழக்குகளைக் கேட்டது. ஆங்கில நீதிபதியின் அருகே முஸ்லிம் சட்ட அதிகாரி அமர்ந்து, விசாரணை முடிந்ததும் ஃபத்வா எழுதித் தருவார். அதன் பின்னரே தண்டனை. மரண தண்டனை வழக்குகள் சென்னையில் இருந்த 'பௌஜ்தாரி அதாலத்' என்னும் உயர் மன்றத்தின் ஒப்புதலுக்குச் செல்லும். திருநெல்வேலியிலோ மதுரையிலோ ஒரு கொலை நடந்தால், அதன் தீர்ப்பில் ஒரு முஃப்தியின் கையெழுத்தும் இருந்த காலம் அது.

ஆனால் மன்றத்தில் ஃபத்வா இருந்தும், வெளியே நடந்தது வேறு. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை ஆராய அமைக்கப்பட்ட ஆணையம் 1855இல் தன் அறிக்கையை வெளியிட்டது. வரி வசூலுக்காகவும் வாக்குமூலத்துக்காகவும் குடிமக்களை அடித்ததையும், கிட்டி என்னும் மரக்கட்டைக் கருவியால் விரல்களை நெருக்கியதையும், வெயிலில் நிறுத்தியதையும் அது பதிவுசெய்தது. அடித்துப் பெற்ற வாக்குமூலம் செல்லாது என்று அபூயூசுஃப் (ரஹ்) கலீஃபாவுக்கு எழுதி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலான பிறகும், அச்சட்டத்தின் பெயரால் நடந்த ஆட்சியில் இதுவே நிலை. காவலரிடம் அளித்த வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி, 1872ஆம் ஆண்டு இந்தியச் சான்றுச் சட்டத்தில் இடம்பெற்று இன்றும் வேறு பெயரில் தொடர்கிறது.

1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் 1862 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டின் குற்றவியலில் ஃபிக்ஹின் இடம் அன்றோடு முடிந்தது. 1864ஆம் ஆண்டுச் சட்டம் காஜி, முஃப்தி ஆகிய அரசுப் பதவிகளையும் நீக்கியது. திருமணப் பதிவுக்கு அரசு நியமித்த காஜி இல்லாமல் சமுதாயம் இடர்ப்பட்டது. 1880இல் சர் சையது அகமது கான் முன்மொழிந்து காஜிகள் சட்டம் நிறைவேறியது. அச்சட்டம் முதலில் சென்னை மாகாணத்திற்கு மட்டுமே பொருந்துவதாக இயற்றப்பட்டது என்பது நாம் அறிய வேண்டிய செய்தி. நிக்காஹ் பதிவுக்கும் பிறை அறிவிப்புக்கும் நாம் நாடும் மாவட்டக் காஜி இந்த மரபின் எச்சமே. அவருடைய பதவி ஒரு காலத்தில் உயிரையும் உறுப்பையும் பற்றிய தீர்ப்போடு தொடர்புடையதாக இருந்தது.

இன்று நமக்கு என்ன?

நாம் வாழ்வது இந்திய அரசியலமைப்பின் கீழ். 2024 ஜூலை 1 முதல் 'பாரதிய நியாய சன்ஹிதா' நம் குற்றவியல் சட்டம். தண்டனை வழங்கும் அதிகாரம் நீதிமன்றத்திற்கே உரியது. தனிமனிதரோ கூட்டமோ ஜமாஅத்தோ அதைக் கையில் எடுக்க இஸ்லாமிய ஃபிக்ஹும் இடம் தரவில்லை. அப்படியானால் இந்தப் பழைய விதிகளால் நமக்கு என்ன பயன்?

பயன் உண்டு. அவ்விதிகள் நீதிபதிக்கு மட்டும் உரியவை அல்ல. ஒரு செய்தி கைப்பேசியில் வந்தவுடன், இன்னார் குற்றவாளி என்று தீர்ப்பளித்துப் பத்துப் பேருக்கு அனுப்பும் நாமும் அந்நேரத்தில் ஒரு நீதிபதியின் இடத்தில்தான் அமர்கிறோம். காவல் மோதலில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்ட செய்திக்குக் கைதட்டும்போது, நான்கு முறை முகத்தைத் திருப்பிக்கொண்ட நபியவர்களின் வழியிலிருந்து நாம் எவ்வளவு விலகி நிற்கிறோம்! ஒரு பெண்ணின் நடத்தையைப் பற்றி ஊரில் எழும் பேச்சைச் சான்றின்றிக் கடத்துபவருக்கு, எண்பது கசையடி பற்றிய வசனம் யாரை நோக்கி இறங்கியது என்பது தெரிய வேண்டும்.

குற்றம் சாட்டப்பட்டவரின் வீட்டை இடிக்கும் வழக்கம் நம் நாட்டின் சில மாநிலங்களில் பரவியபோது, 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்துத் தீர்ப்பளித்தது. ஒருவர் குற்றவாளி என்று சொல்லப்படுவதாலேயே அவர் வீட்டை இடிப்பது சட்டவிரோதம். அதில் வாழும் குடும்பத்தினர் அனைவரையும் தண்டிப்பதாகும் என்றது. 1772இல் கொள்ளையனின் குடும்பத்தை அடிமையாக்கிய விதிக்கும் இந்த இடிப்புக்கும் உள்ள உறவு வெளிப்படை. அதை எதிர்த்து நாம் குரல் கொடுக்கிறோம். அதே அளவுகோலை நம் தெருவிலும் கைக்கொள்ள வேண்டும். ஓர் இளைஞன் தவறு செய்து சிறை சென்றால், அவன் தங்கையின் நிக்காஹ் தடைபடுகிறது. அவன் தாய் விருந்துகளுக்கு அழைக்கப்படுவதில்லை. அவர்கள் சுமப்பது யாருடைய சுமை?

மது அருந்தியதற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவரை மக்கள் சபித்தபோது, உங்கள் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்ற கருத்தில் நபியவர்கள் தடுத்தார்கள். தண்டனை முடிந்த இடத்தில் அவர் மீண்டும் சகோதரர். சிறையிலிருந்து திரும்புபவருக்கு வேலை கொடுப்பதும், விசாரணைக் கைதியாக வாடும் ஏழையின் பிணைத் தொகைக்கும் வழக்கறிஞர் செலவுக்கும் உதவுவதும், அவர் வீட்டுப் பிள்ளைகளின் படிப்பு நிற்காமல் காப்பதும் ஒவ்வொரு ஜமாஅத்தும் செய்யக்கூடியவை.

பிள்ளைகள் கேட்கும்போது நாம் சொல்ல வேண்டிய விடையும் இதுவே. நம் சட்ட மரபு தண்டனையின் பெயரால் அறியப்படுகிறது. ஆனால் அதன் அறிஞர்கள் தம் உழைப்பின் பெரும்பகுதியைச் செலவிட்டது, அத்தண்டனை ஓர் அப்பாவியைத் தீண்டாமல் காப்பதற்கே. அதைப் படித்த ஓர் ஆங்கில ஆளுநர் இரத்தம் சிந்த அஞ்சும் சட்டம் என்று குறைகூறினார். அந்த அச்சத்தை இழக்காமல் இருப்பதே நம் பெருமை.

ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்புக்கூட நம்மை நீதி தவறச் செய்யக் கூடாது (5:8) என்று கட்டளையிட்ட இறைவன், நாவாலும் கையாலும் எவருக்கும் அநீதி இழைக்காத மக்களாக நம்மையும் நம் சந்ததியரையும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.